கை எடுத்தது தெரியாமல்

அக்கா சக்கரத்திலிருந்து கையை எப்போது எடுத்தாள் என்று எங்கள் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாலும் தெரியாது. விரல் மண்மேல் இருப்பது போலவே இருக்கும். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் விரலுக்கும் மண்ணுக்கும் நடுவில் நூல் அளவுக்கு வெளிச்சம் தெரியும்.

“எப்பக்கா கைய எடுத்தீங்க?” என்று கேட்பேன்.

“எடுத்துட்டேனா?” என்பாள்.

நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

எங்கள் ஷெட் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. முன்பு அரிசி மில்லாக இருந்த இடம். ஆறு மோட்டார் சக்கரம், ஒரு விறகுச் சூளை, மண் ஊறப்போட இரண்டு தொட்டி. மேடம் தஞ்சாவூரிலிருந்து காரில் வருவார். ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வேண்டிய பூந்தொட்டி, ஜாடி எல்லாம் செய்து அனுப்புவோம். நான் எட்டாவதோடு நின்றுவிட்டு இங்கே வந்தவள். மண் வேலை என்னுடையது, நேரம் கிடைத்தால் சக்கரத்திலும் உட்காருவேன். ஏரி மண்ணை ஊறப்போட்டு, கூழாகக் கரைத்து, சல்லடையில் ஊற்றிச் சலித்து, தண்ணீர் வடித்து, மிதித்து, உருண்டை பிடித்துக் கொடுக்க வேண்டும். அக்கா உருண்டையை வாங்கி உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

அவள் என் சொந்த அக்கா இல்லை. ஷெட்டில் எல்லோருக்கும் அக்கா. மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நாற்பதைத் தாண்டியிருப்பாள். புருஷன் எப்போதோ இல்லாமல் போய்விட்டார். ஒரே மகள் ஜெனி திருச்சியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு வருவாள்.

வாய் விரிந்த ஜாடி என்றால் அது அக்கா சக்கரத்துக்குத்தான் போகும். நாயனத்தின் அடியில் அகலமாக விரிந்து ஒரு பாகம் இருக்குமே, அணசு, அதே வடிவம். அதனால் ஷெட்டில் அதற்கு அணசு ஜாடி என்று பேர். உயரமாக ஏற்றுவதுவரை நாங்களும் செய்துவிடுவோம். உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, கட்டைவிரலால் குழி பறித்து, உள்ளே ஒரு கை வெளியே ஒரு கை வைத்து மூன்று இழுப்பில் சுவரை மேலே கொண்டுபோய்விடலாம். வாயை விரிக்கிற இடத்தில்தான் எல்லோரும் தோற்போம். மண் அப்போது நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும். சக்கரம் வேகமாகப் போனால் விளிம்பு கிழிந்து பறக்கும். மெதுவாகப் போனால் தொங்கிவிடும். அதையும் தாண்டி விரித்துவிட்டாலும் கையை எடுக்கும்போது போகும். வெடுக்கென்று எடுத்தால் விளிம்பில் ஒரு நெளிவு விழுந்துவிடும், பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது.

ஒருநாள் அக்காவும் நாங்கள் நான்கு பேரும் விளிம்பில் கை வைத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. சக்கரம் தானாகத் தள்ளாடி நின்றது. எங்கள் நான்கு பேருடையதும் சரிந்து பணியாரம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. அக்கா மட்டும் சக்கரம் எப்படி எப்படி மெதுவானதோ அப்படி அப்படியே கையை இளக்கிக்கொண்டு வந்து, அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். ஜாடி அப்படியே நின்றது.

“அக்காவுக்கு ஈபிக்காரன் மொதல்லயே போன் பண்ணிச் சொல்லிட்டான்டி” என்றாள் செல்வி. செல்வி என் பக்கத்துச் சக்கரம். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

கை எடுப்பதில் மட்டும் இல்லை. அக்கா எதையுமே சட்டென்று விட மாட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் நாங்கள் கை கால் கழுவிக்கொண்டு ஓடுவோம். அக்கா ஒவ்வொருத்தரிடமாக வந்து, “போயிட்டு வரட்டுமா?” என்பாள். வாசலில் நின்று இன்னொரு தடவை சொல்வாள். கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவாள். சூளைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்கும் ஒரு வார்த்தை உண்டு.

“யக்கா, நீங்க என்ன சிங்கப்பூருக்கா போறீங்க?” என்பாள் செல்வி. “நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு இதே மூஞ்சியோட வந்து நிக்கப் போறீங்க.”

“அது நாளைக்குடி. இது இன்னைக்கு.”

மினி பஸ் கண்டக்டருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது. இறங்கும்போது அவனிடமும் டிரைவரிடமும் பக்கத்து சீட்டில் இருந்தவரிடமும் சொல்லிக்கொண்டுதான் இறங்குவாள். இறங்கிய பிறகும் போகாமல், பஸ் திரும்புகிறவரை மதகு ஓரத்தில் நிற்பாள். “எல்லாரும் பஸ் ஏத்திவிடத்தான் வருவாங்க. பஸ்ஸையே வழியனுப்புற ஆளு நீங்கதாங்க்கா” என்று அவன் ஒருமுறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான். அக்கா அதற்கும் கையசைத்தாள்.

போனிலும் அப்படித்தான். மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் ஜெனி கூப்பிடுவாள். பேச்சு ஐந்து நிமிஷம், வைப்பது ஐந்து நிமிஷம். அக்கா ஒருநாளும் தானாகக் கட் பண்ண மாட்டாள். “சரிம்மா, நீ வை” என்பாள். அந்தப் பக்கம் ஜெனி “நீங்க வைங்கம்மா” என்பது எங்களுக்கே கேட்கும். போன் காதிலேயே இருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அக்கா ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

அவளைப் பற்றி எங்களுக்குள் இன்னும் சில பெருமைகள் இருந்தன. டீ வாங்கிவருவதும் என் வேலைதான். தூக்கில் வாங்கிவந்து கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் நாங்கள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஊதுவோம். அக்கா வெறுங்கையால் கிளாஸை முழுசாக மூடிப் பிடித்துக்கொள்வாள். சூளை பிரிக்கிற நாளில் நாங்கள் சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜாடியை எடுப்போம். அக்காவுக்குச் சாக்கு வேண்டாம். “மண்ணுல ஊறின கை. சூடெல்லாம் ஒண்ணும் பண்ணாது” என்று புதிதாக வந்த பெண்களிடம் நான்தான் பெருமையாகச் சொல்வேன்.

ஒரு சித்திரை மாத வெயிலில் அக்கா ஒற்றைச் செருப்போடு ஷெட்டுக்குள் வந்தாள். தார் ரோடு கொப்பளிக்கிற வெயில். செல்விதான் முதலில் பார்த்தாள்.

“என்னக்கா, இன்னொரு செருப்பும் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தான் போச்சா?”

அக்கா குனிந்து காலைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல ஆனது. பிறகு சிரித்தாள். “வாய்க்காத் தண்ணியில கால நனைச்சேன், அங்கயே விட்டுட்டேன் போல.” நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். செருப்பு வாய்க்காலில் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ரோட்டின் மேலேயே கிடந்தது. கொண்டுவந்து போட்டேன். உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அதை அன்றைக்கும் நாங்கள் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஒரு வாரம் அவளை ஒத்தச் செருப்பு என்று கூப்பிட்டோம்.

போன ஆடியில் அக்காவின் ஊர்ப் பங்குச் சாமியார் ஷெட்டுக்கு வந்தார். மாதா திருவிழாவுக்குப் பீடத்தில் வைக்கப் பன்னிரண்டு ஜாடி வேண்டும், நிலசம்பங்கித் தண்டு நாலாபக்கமும் விரிந்து நிற்கிற மாதிரி வாய் அகலமாக வேண்டும் என்றார். அக்கா அதுவரை தன் ஊர்க் கோவிலுக்கென்று ஒன்றும் செய்ததில்லை. ஊரில் அவளுக்கு மண்ணுக்காரி என்று பேர், அவ்வளவுதான். பீடத்தில் பன்னிரண்டு ஜாடியும் ஒரே அளவாக நிற்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது, “நிக்கும் ஃபாதர்” என்றாள். மேடம் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றாள். “பன்னெண்டும் என் கையாலயே செய்யிறேன் மேடம்.” அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது சல்லடை கிழிந்திருந்தது. அதை நான்தான் கிழித்தேன். மண்வெட்டியைத் தூக்கி வைக்கும்போது கை வழுக்கி அதன்மேல் போட்டுவிட்டேன். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வலை பிரிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து மேடத்திடம் திட்டு வாங்கியிருந்தேன். அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிழிந்த பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் ஊற்றாமல் சலித்தேன். எல்லா நேரமும் அப்படிப் பிடிக்க முடியாது. ஏரிக்கரையில் குடிக்கிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மண்ணில் கண்ணாடி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சல்லடையே.

ஏழாவது ஜாடி. அக்கா வாயை விரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டு போனேன். விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு சுற்றிக்கொண்டிருந்தது. குங்குமத்தைத் தொட்டுக் கோடு போட்டது மாதிரி, மெல்லிசாக, சுற்றச் சுற்றத் தடிமனாகிக்கொண்டு வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை, ஏதோ புது வேலைப்பாடு என்று நினைத்தேன். பிறகு அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன்.

“அக்கா, ரத்தம்.”

“எங்க?”

“ஒங்க வெரல்லக்கா.”

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். வேறு யார் கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். நுனியிலிருந்து முதல் கணுவரை வெட்டு. விளிம்பில் பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் அவளை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

“வலிக்கலையாக்கா?”

அவள் ஜாடியைக் கையால் அமுக்கி உருண்டையாக்கினாள். என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நான் என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன்.

“ரெண்டு வருஷமா நுனியில ஒண்ணும் தெரியலடி” என்றாள். “சுகரு. மொதல்ல காலு. அப்பறம் கை.”

“அப்ப எப்படிக்கா செய்யிறீங்க?”

“கண்ணால பாத்து. சக்கரத்துச் சத்தத்த வச்சு. வெரலு மண்ணுல இருக்கா இல்லையான்னு தெரியாது. அதான் மெதுவா எடுக்குறேன்.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. டீ கிளாஸ், சூளை, செருப்பு. எடுத்துட்டேனா என்று அவள் இரண்டு வருஷமாக எங்களைக் கேட்டதெல்லாம் கேள்விதான். நாங்கள் யாரும் ஒருநாளும் அதற்குப் பதில் சொல்லவில்லை, சிரித்தோம்.

ஆனால் பஸ்ஸை எதற்கு வழியனுப்பினாள்? போனை ஏன் வைக்க மாட்டாள்? அதற்கு சுகர் காரணம் இல்லையே. இப்போதும் அதை நினைத்துப் பார்க்கிறேன். அவள் சுபாவத்திலேயே அது இருந்து, வியாதி வந்து அதற்குள் ஒளிந்துகொண்டதோ என்னவோ.

“மேடத்துக்குத் தெரிஞ்சா சக்கரத்துலேருந்து எறக்கிடுவாங்க” என்றாள். “பாலீஷ் போடுற எடத்துல ஒக்கார வைப்பாங்க. நல்லவங்கதான், வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க. ஆனா எறக்கிடுவாங்க. பன்னெண்டு முடியட்டும்டி. அப்பறம் நானே சொல்றேன். ஆஸ்பத்திரிக்கும் போறேன். என் கையில அடிச்சுக் குடு.”

நான் அவள் நல்ல கையில் என் கையை வைத்து சத்தியம் பண்ணினேன். கண்ணாடி எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மெல்லிசுக் கம்பி வாங்கிவந்து சல்லடை ஓரத்தைத் தைத்தேன். நன்றாகவே தைத்தேன்.

பிறகு ஆறு ஜாடி. பெட்டிக்கடையில் பலூன் வாங்கி, வாயை வெட்டி, விரலில் மாட்டிவிட்டேன். சிவப்பு பலூன்தான் கிடைத்தது. “கையில அடிபட்டுச்சாக்கா?” என்று மேடம் கேட்டபோது, “சின்னக் கீறல்” என்றாள். நான் மண் உருண்டை கொடுக்கிற சாக்கில் அவள் சக்கரத்துக்கு எதிரே ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் வாயை விரிக்க ஆரம்பித்ததும் நான் விரலையும் மண்ணையும் மட்டும் பார்ப்பேன்.

“தொட்டுக்கிட்டிருக்கு” என்பேன் மெதுவாக. “இன்னும் தொட்டுக்கிட்டிருக்கு. உள் கை கொஞ்சம் அழுத்தமா இருக்கு. சரியா இருக்கு. இப்ப எடுங்க. இன்னும். இன்னும். எடுத்துட்டீங்க.”

“எடுத்துட்டேன்” என்பாள் அவள்.

“என்னடி, ரெண்டு பேரும் செவமாலை சொல்றீங்களா?” என்பாள் செல்வி.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பலூனுக்குள்ளே அவள் விரல் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பலூனைக் கழற்றும்போது விரல் வெளுத்து ஊறியிருக்கும், மறுநாள் கணு வரைக்கும் வீங்கியிருக்கும். “ஆஸ்பத்திரிக்குப் போகலாம்க்கா” என்று தினமும் சொன்னேன். “ஒம்பது ஆச்சு” என்பாள். “பத்து ஆச்சு” என்பாள். பதினொன்றாவதைச் செய்தபோது அவளுக்குக் காய்ச்சல். ஆனாலும் அப்படி ஒரு ஜாடியை நான் பார்த்ததில்லை. என் வாயும் அவள் கையும் சேர்ந்து செய்கிற மாதிரி இருந்தது. யாரும் என்னை அவ்வளவு தேவையாக நினைத்ததில்லை. அதனால்தான் நான் சத்தியத்தை மீறவில்லையோ என்று சில சமயம் தோன்றுகிறது.

பன்னிரண்டும் முடிந்த பிறகு, சூளை பிரிச்சு ஜாடி பீடம் ஏறட்டும்டி என்றாள். திருவிழாவுக்கு ஷெட்டே போனது. பீடத்தில் பன்னிரண்டும் வரிசையாக நின்றன, சம்பங்கித் தண்டுகள் விரிந்து விளிம்பில் சாய்ந்திருந்தன. ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம் இல்லை. சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில், “இந்தப் பூச்சாடிகளைச் செய்தது நம் பங்கைச் சேர்ந்த சகோதரி” என்றார். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். மற்றொரு கையில் ஒரு கொத்து மரிக்கொழுந்து. அவள் பூ வைக்கிறவள் இல்லை. பக்கத்தில் போனபோதுதான் மரிக்கொழுந்து எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. அதையும் தாண்டி விரலின் வாடை வந்தது.

மறுநாள் ஜெனி அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். விரலை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு விரல். விஷம் முழங்கைக்கு ஏறிவிட்டது என்றார்கள். டாக்டர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. நாங்கள்தான் பிந்திப் போனோம்.

நான் இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை போனபோது சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். ஜெனி மருந்து வாங்கப் போயிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஷெட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டாள், செல்வி வாய் விரிக்கிறாளா என்று கேட்டாள்.

“விரிக்கிறா. எல்லாம் நெளிஞ்சு போவுது.”

“கண்ணு போற எடத்துக்குக் கை போவணும். அவளுக்கு வாய் போற எடத்துக்குக் கை போவுது.”

சிரித்தோம். பிறகு நான், “அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நாலு மணி பஸ்சு போயிடும். கெளம்பு” என்றாள்.

“இல்லக்கா, அந்த…”

“கெளம்புடி. பஸ்சு போயிடும்னு சொல்றேன்ல.” முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போயிட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. வார்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். திரும்பவே இல்லை. வாழ்க்கையில் அவள் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நாலு மணி பஸ் அன்றைக்கு வரவே இல்லை.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஷெட்டுக்குப் போகவில்லை. அம்மாவோடு வீட்டு வேலை செய்தேன், அண்ணன் வயலுக்குச் சோறு கொண்டுபோனேன். நாற்றங்கால் சேற்றில் மட்டும் கால் வைக்கவில்லை. மேடம் இரண்டு முறை ஆள் விட்டார். ஒரு தடவை நேரில் வந்து, “ஏம்மா, சொல்லு, என்ன விஷயம்?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு மட்டும் போனேன். பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. செல்வி வந்திருந்தாள். ஜெனியும் அவளும் நானும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். செல்வி திடீரென்று கழுவுவதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

“எனக்குத் தெரியும்டி” என்றாள். “கையில உணர்ச்சி இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தினம் காலைல என்கிட்டதான் புடவைக்குப் பின் குத்திவிடச் சொல்லுவாங்க. ஒருநா பின்னு அவங்க கையில ஏறிடிச்சு. அவங்களுக்குத் தெரியல. யார்கிட்டயும் சொல்லாதடின்னு கையில அடிச்சு வாங்கிட்டாங்க.”

“எனக்கும் தெரியும்” என்றேன். “என்கிட்டயும் வாங்குனாங்க.”

ஜெனி கையில் இருந்த குண்டானைக் கீழே வைத்தாள். “எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடியாம என்னக் கூப்பிட்டாங்க, அப்பத் தெரியும். ஒன் கல்யாணம் வரைக்கும் சொல்லாதன்னாங்க.”

ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆளாளுக்குத் தனித்தனியா வாங்கியிருக்காங்க பாரு” என்றாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்னுடையது என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. ஆனால் என்னிடம் இருந்தது அது மட்டும் இல்லையே.

செல்வி தண்ணீர் எடுக்கப் போனாள். ஜெனி குண்டானைத் திரும்பவும் எடுத்தாள்.

“ஜெனி, அந்தக் கண்ணாடி என்னாலதான் வந்துச்சு” என்றேன். “சல்லடையக் கிழிச்சது நான். சொல்லாம விட்டுட்டேன். ஒங்கம்மாகிட்டயும் சொல்லல.”

ஜெனி கழுவிக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்க்கா.”

“யார் சொன்னா?”

“அம்மாதான். சல்லடையில கம்பி புதுசா மின்னுச்சாம். மறுநாளே பாத்துட்டாங்களாம்.” குண்டானைக் கவிழ்த்தாள். “ஆஸ்பத்திரியில நீங்க சொல்ல வந்தீங்களாமே. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு வெரட்டிவிட்டுட்டேன்னு சொன்னாங்க. ஏம்மா அப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டேன். அந்தப் புள்ள வாயால சொல்லிடிச்சுன்னா அப்பறம் மண்ணத் தொடாதுடி, அதுக்கு நல்ல கண்ணுன்னாங்க. நீங்க போனதுக்கப்பறம் ரொம்ப நேரம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாங்கக்கா.”

ஜெனி ஈரக் கையாலேயே என் தோளைத் தொட்டாள். தொட்ட கையை அவளும் சீக்கிரம் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். மேடம் வாசலில் நின்று லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியாம்மா? போ, தொட்டியில மண்ணு ஊறிக் கெடக்கு.”

நான் போகவில்லை. “மேடம், சல்லடை ஓரத்துல கம்பி போட்டுத் தச்சிருக்கே, பாத்தீங்களா?”

“பாத்தேன். யாரோ நல்லாத்தான் தச்சிருக்காங்க.”

“நான்தான் மேடம். கிழிச்சதும் நான்தான்.”

“சரி. அதுக்கென்ன இப்ப?” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “எப்பத் தச்ச?”

“அக்காவுக்கு வெரல் வெட்டுன அன்னைக்கு சாயங்காலம்” என்றேன்.